மறு: மேட்டுக்குச் சுவர், ஆளுக்கு 25,000 ரூபா

சங்குக்காரர் வீட்டு மாமாவுக்கும் மத்த எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஊர் கல்லறைத் தோட்ட மேட்ட அலை அரிக்காம இருக்க சுவர் கட்டணும்னு ஆளுக்கு 25,000 ரூபா கேட்டு வந்த மெயிலப் பாத்தேன். போன மாசம் எங்க அக்கா ஊருக்குப் போயிட்டு அனுப்புன போட்டோவும் கையில இருக்கு. கல்லறைத் தோட்டத்துக்குக் கீழ மேட்டோட அடிய அலை அரிச்சு ஒரு ஆள் படுக்குத ஆழத்துக்கு உள்ள போயிருக்கு, மேல உள்ள கெட்டிக்கல்லு தாவாரம் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது, அதுல கை நுழையுத அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அந்த நிழல்லதான் பயலுவ உக்காந்து சீட்டாடுதானுவ.

நான் இருக்கது பெர்த். இங்க உள்ள கடற்கரைப் பாறையும் நம்ம மேட்டுக் கல்லு ஜாதிதான், டமாலா சுண்ணாம்புக்கல்லும்பாங்க. 1996-ல இதே மேற்கு ஆஸ்திரேலியாவுல கிரேஸ்டவுன்ங்கிற ஊர்ல பிள்ளைங்க அலைச்சறுக்குப் போட்டி நடக்கும்போது பாறைக்கு அடியில ஒதுங்கி நின்னவங்க மேல அது சரிஞ்சு 9 பேரு செத்தாங்க, அதுல 4 பேரு பிள்ளைங்க. அக்கா போட்டோவப் பாத்ததுலருந்து எனக்கு அந்த நெனப்புதான்.

மாமா, நம்ம மேடு மலை இல்ல. சிப்பித்தூள் கலந்த மணலக் காத்து கொண்டாந்து குவிச்சது. மழைத்தண்ணி அந்தச் சிப்பியக் கொஞ்சங்கொஞ்சமாக் கரைச்சு, அந்தச் சுண்ணாம்பே மணலுக்கும் மணலுக்கும் நடுவுல படிஞ்சு ஒட்டிக்கிட்டு. பக்கவாட்டுல சாய்வு சாய்வா வரி ஓடுமே, காத்து மணலத் தள்ளுன தடம் அது. சின்னதுல பேய் எலும்புன்னு பொறக்கிட்டு வருவோமே குழல் குழலா ஒரு கல்லு, அது அந்தக் காலத்துச் செடி வேரச் சுத்தி சுண்ணாம்பு பிடிச்சு இறுகுனது. அம்மா வீட்டுக்குள்ள வைக்கக்கூடாதுன்னு வெளிய எறிவாவ, நான் திரும்பப் பொறக்கிட்டு வருவேன். மேல்தட்டுதான் கெட்டி, கீழ நகத்தால சுரண்டுனாலே உதிரும், அலை அடிக்கது அந்தக் கீழதான்.

சுவர் கட்டுனா அலை அதுல மோதித் திரும்பையில முன்னால கெடக்க மணல இழுத்துட்டுப் போவும், சுவர் முடியுத எடத்துல அடுத்த கரைய அரிக்கும், அங்கதான் வடக்குத்தெருக்காரங்க வள்ளம் ஏத்துதாங்க. மேலருந்து எறங்குத தண்ணி சுவருக்குப் பின்னால தேங்கிக் கல்ல இன்னும் கரைக்கும். 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில மணல்மேடு 1ஏ-ல, அதாவது ரொம்பக் கவனமாக் காக்க வேண்டிய பகுதியில வருது, அப்ப அனுமதி வாங்குன காகிதம் எங்க? திருவிழா லைட்டுக் கணக்கு கேக்குத அண்ணன் இதையும் சேத்துக் கேளுங்க.

சொரூபம் வச்சிருக்க கெபி பக்கத்துல கட்டுன கக்கூஸ் தண்ணியும் குழாயடித் தண்ணியும் அந்த வெடிப்புக்குள்ளதான் எறங்குது, மொதல்ல அதத் திருப்பணும். மேல அடும்புக்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் கெடந்தாத்தான் மணல் நிக்கும், அதப் போயி திருவிழாவுக்குன்னு மிஷின் விட்டு வழிச்சிருக்கீங்க.

ஒண்ணு சொல்லாம முடியல. அந்த மேட்டுல கல்லு வெட்டக்கூடாதுன்னு எங்க அப்பா தனியா நின்னாவ. கூட ஒருத்தரும் வரல, வெட்டுன கல்லு யார் யார் வீட்டு அஸ்திவாரத்துல கெடக்குன்னு எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு ஊர் மானம்னு எழுதுதீங்க, அன்னைக்கும் அது ஊர் மானம்தான்.

என் பங்கு 25,000 தாரேன், தண்ணியத் திருப்ப மட்டும். மேட்டுக்கடியில ஆள் போவாம கயிறு கட்டுதேன்னு மச்சான் சொல்லிருக்காவ, தடுக்காதீங்க. பயலுவள இன்னைக்கே அங்கருந்து எழுப்பி விடுங்க.