எதிர்காத்துல கோல்ஃப் பால் மேல ஏறாம தாழ்வா அடிக்கறது எப்படி?

தேவனாம்பட்டினத்தான்:
வணக்கம், நான் கடலூர். கடலுக்குக் கிட்ட மாமாவோட பொட்டல் நிலம் இருக்கு, அங்கதான் ப்ராக்டிஸ். காலைல பிரச்சன இல்ல, மதியம் கடக்காத்து எழும்பிடுச்சுன்னா 9 அயர்ன்ல (அயர்ன்ங்கறது இரும்புத் தல மட்டை, நம்பர் கூடக் கூட பால் உசரமாப் போவும்) அடிக்கற பால் பட்டம் மாதிரி ஏறி அப்படியே நின்னு பொத்துன்னு வுழுது. வேகத்த கூட்டினா இன்னும் மேலதான் போவுது. அடுத்த மாசம் சென்னைல ஒரு கோர்ஸ்ல ஆடக் கூப்புட்டுருக்காங்க. யாராவது சொல்லுங்களேன்.

பாண்டி பெருசு:
தம்பி, வேகத்த கூட்டாத. வேகம் கூடுனா பின்பக்க சுழற்சியும் கூடும், எதிர்காத்துல அந்த சுழற்சிதான் பால மேல தூக்குது. 9 எடுக்கற எடத்துல 7 எடு, காத்து பலமா இருந்தா 6 கூட எடு, மட்டையோட கைப்புடிய ஒரு இஞ்ச் கீழ புடிச்சு, எடைய இடது கால்ல கொஞ்சம் கூட வச்சு, பால வழக்கமான எடத்துலேருந்து ஒரு பால் அகலம் வலது கால் பக்கம் தள்ளி வச்சுக்கோ, அடிக்கறப்ப கை பாலுக்கு முன்னாடி இருக்கணும். பின்னாடி ஓங்கற பேக்ஸ்விங் முக்கால்வாசி போதும். முடிக்கறதுதான் உசுரு, கை நெஞ்சு உயரத்துல நின்னுடணும், தோளுக்கு மேல போவவே கூடாது.

மேக்காத்து:
பெருசு சொல்றது சரி, ஆனா பால ரொம்ப பின்னாடி தள்ளிடாதீங்க ப்ரோ, கிளப் மண்ணுல குத்தும், பாலும் வலது பக்கம் கெளம்பும். ஒரு பால் அகலம்தான் எல்லை. தொழிலா டூர்ல ஆடுறவங்களுக்கே 7 அயர்ன்ல நிமிஷத்துக்கு சுமார் 7000 சுத்து, 9 அயர்ன விட உசரமா தூக்கற பிட்சிங் வெட்ஜ்ல 9000 தாண்டும், அதனாலதான் நம்பர் கம்மியான அயர்ன மெதுவா அடிக்கறது. 2006 பிரிட்டிஷ் ஓப்பன்ல டைகர் உட்ஸ் நாலு நாள்லயும் சேத்து ரொம்ப தூரம் அடிக்கற டிரைவர் மட்டைய ஒரே ஒரு தடவதான் எடுத்தாரு, மொத அடி அடிக்கற டீலேருந்து பெரும்பாலும் தாழ்வா 2 அயர்ன்தான், கப்பும் அவருக்குத்தான். பழைய வீடியோல அடிச்சப்புறம் கை போற அவரோட ஃபாலோ த்ரூ எங்க நிக்குதுன்னு பாருங்க.

பாண்டி பெருசு:
இன்னொண்ணு, இந்த ஷாட் வுழுந்தப்புறம் உருளும், அதனால குழி இருக்கற கிரீனுக்கு முன்னாடியே வுழற மாதிரி குறி வையி. வழில பங்கர், அதான் மணல் பள்ளம், இருந்தா இது வேலைக்கு ஆவாது, அப்ப உயரமா அடிச்சே ஆவணும். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லுவாங்கல்ல, அந்த மாசத்த வுட்றாத, காலைல மேக்காத்து, மதியத்துக்கு மேல கடக்காத்து வந்துச்சுன்னா ஒரே நெலத்துல ரெண்டு பக்கமும் பழகலாம். எதிர்காத்து புடுங்கற தூரத்த பின்காத்து திருப்பிக் குடுக்காது, அத நீயே அடிச்சுப் பாத்துக்கோ.

தேவனாம்பட்டினத்தான்:
ரொம்ப நன்றிங்க அண்ணே, ப்ரோ. கை எங்க நிக்குதுன்னு போன்ல வீடியோ எடுத்துப் பாக்கறேன். போன எந்தப் பக்கம் வைக்கறது?

மேக்காத்து:
நெஞ்சுக்கு நேரா, இடுப்பு உயரத்துல, நல்லா தள்ளி. பால் போற பக்கம் மட்டும் வச்சுடாதீங்க.