ஊரோடு ஒத்துப் போவதா, அவரவர் வழியா?

குடியாத்தத்தான்:
எனக்கு ஊர் குடியாத்தம் பக்கம், வேலை பெங்களூரில். போன வாரம் அலுவலகத்தில் ஒரு வகுப்பு. ஹாஃப்ஸ்டீட் என்ற டச்சுக்காரர் ஐபிஎம் ஊழியர்களிடம் கேட்டுத் தொகுத்து 1980இல் வெளியிட்ட கணக்கில், 'நான்' என்று நினைப்பதில் அமெரிக்காவுக்கு மதிப்பெண் 91, இந்தியாவுக்கு 48 என்றார்கள். அன்றிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. சித்தப்பா ஆபரேஷனுக்கு அப்பா வாங்கிய கடனை நான்தான் கட்டுகிறேன், மேற்படிப்புக்கு எடுத்து வைத்த பணம் அதில் போனது. அவர் நன்றாக இருக்கிறார், எனக்கு வருத்தமில்லை. ஆனால் தங்கைக்கும் நாளை இதே நிலை வரக்கூடாது என்று தோன்றுகிறது. கூடி வாழ்வதால் ஊர் நன்றாக இருக்கிறதா, ஆளை அமுக்குகிறதா? உங்கள் ஊரில் கண்டதைச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
தம்பி, நான் காவேரிப்பாக்கம் பக்கத்து விவசாயி. மனசை விடு, தண்ணீரைப் பார். என் சின்ன வயசில் எங்கள் ஏரிக்கு நீர்க்கட்டி ஒருவர் இருந்தார், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய வேண்டும் என்று அவர் சொன்னால் சரி, அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவோம். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெட்டப் போக வேண்டும். பாசத்தில் வந்த ஒற்றுமை இல்லை அது, எல்லோருக்கும் ஒரே ஏரி, அவ்வளவுதான். அப்புறம் ஆளுக்கொரு கிணறு, ஆயில் இன்ஜின், கரண்ட் மோட்டார், இலவச மின்சாரம். தன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறவன் ஏன் கால்வாய்க்கு வருவான்? முதலில் வராமல் நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். கால்வாய் முழுக்க வேலிகாத்தான் மண்டியது, ஏரிக்கு வரத்து குறைந்தது, கிணறு வற்றியது, போர் போட்டோம். நான் 300 அடி போனால் பக்கத்து நிலத்துக்காரர் 500 போகிறார், அதற்கும் அவர் கடன்தான் வாங்குகிறார்.

ஆம்பூர் பொண்ணு:
அண்ணா, நீங்கள் சொல்வது சரி, ஆனால் அந்த நாளில் தண்ணீர் கடைசியாக யார் நிலத்துக்கு வந்தது? எங்கள் ஊரில் கடைமடை எந்தத் தெருக்காரர்களுடையது என்று எல்லோருக்கும் தெரியும். முறை வைத்த கூட்டத்தில் அவர்களும் இல்லை, பெண்களும் இல்லை. பத்தாவது முடித்ததும் என் படிப்பை நிறுத்தச் சொன்னதும் இதே 'நாலு பேர் என்ன சொல்வார்கள்'தான், அம்மா ஒருத்தி ஒற்றைக்காலில் நின்றதால் படித்தேன்.

பாலாற்றையே பாருங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கியபோது எந்த ஊர்க்கட்டுப்பாடும் அதைத் தடுக்கவில்லை, பாதி வீட்டுச் சோறு அதில்தானே, யார் வாய் திறப்பார்கள்? வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே பாதிக்கப்பட்டவருக்கும் ஈடு கட்ட வேண்டும், கெட்ட மண்ணையும் நீரையும் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு, ஒவ்வொரு ஆளுக்கும் உள்ள உயிர் வாழும் உரிமை, அதையும் வைத்துத்தான் ஊர்த் தண்ணீருக்கு நியாயம் சொன்னார்கள்.

குடியாத்தத்தான்:
அக்கா, 21வது பிரிவை இப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. தங்கை படிப்புக்குத் தனிக் கணக்கு தொடங்கப் போகிறேன், கடன் கட்டுவதும் நிற்காது, இதை அப்பாவிடம் நேரிலேயே சொல்கிறேன். அண்ணா, அந்த வரத்துக்காலுக்கு இனி யாரும் வரமாட்டார்களா?

ஏரிக்கரை:
தங்கச்சி கடைமடை பற்றிச் சொன்னது எங்கள் ஊருக்கும் பொருந்தும், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தம்பி, வேலூர், திருவண்ணாமலை பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் நீர் உள்ளே இறங்க உறைகிணறு கட்டினார்கள். வேலை கூட்டாக, கூலி அவரவர் பேங்க் கணக்கில். எங்கள் வரத்துக்காலையும் அப்படி எடுக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன், அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்கிறேன். கடைமடைத் தெருவில் முதல் கையெழுத்து வாங்கியாயிற்று.