புதுப்பிப்பு: புது பாத்ரூமுக்குக் கீழே ஓதம், காரணம் கிடைத்துவிட்டது

மாடி பாத்ரூமைப் புதுப்பித்து இரண்டே மாதத்தில் கீழ் ஹால் சீலிங்கில் ஓதம் அடிக்கிறது என்று கேட்டிருந்தேன், ஞாபகம் இருக்கும். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

டைல்ஸ் இடுக்கில் ஒயிட் சிமென்ட் அடைத்தால் போதும் என்று மேஸ்திரி சாதித்தார். அதையும் செய்து பார்த்தோம், பத்து நாள்கூடத் தாங்கவில்லை. கைகொடுத்தது நஹானி டிராப்பை (தரைத் தண்ணீர் வெளியேறும் வாயை) அடைத்துவிட்டு தண்ணீர் கட்டிப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான். அதற்கு முன் குழாய்க்கு பிரஷர் டெஸ்ட் செய்து லீக் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். அப்புறம் இரண்டு அங்குலத் தண்ணீர், 48 மணி நேரம். மறுநாள் காலையிலேயே சீலிங் கறை உள்ளங்கை அளவிலிருந்து முறம் அளவுக்குப் பரவிவிட்டது.

உடைத்துப் பார்த்தால் தரைக்கு மட்டும் பேருக்கு ஒரு வாட்டர்ப்ரூஃப் கோட், சுவரில் ஏற்றவே இல்லை, டிராப்பைச் சுற்றி வெறும் சிமென்ட், அதிலும் விரல் நுழையும் இடைவெளி. எதிர்பாராதது இன்னொன்று: டைல்ஸுக்கு அடியில் குழாய் போகும் பள்ளத்தை நிரப்பியிருந்த செங்கல் உடைசல் முழுக்க தண்ணீர் குடித்து ஊறிக் கிடந்தது. அள்ளிக் கொட்டி, காயவிடவே இரண்டு வாரம் போயிற்று.

இந்த முறை மூலைகளை உருட்டிப் பூசி, வலை ஒட்டி, பாலிமர் கோட் இரண்டு, ஷவர் பக்கம் ஆறடி உயரம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே மறுபடி 48 மணி நேரம் தண்ணீர் கட்டினோம், ஒரு சொட்டு இறங்கவில்லை. கூலியை மேஸ்திரி ஏற்றுக்கொண்டார், பாக்கிப் பணம் என் கையில் இருந்ததால்தான். பொருள் செலவு என் தலையில். சீலிங் இன்னும் முழுசாகக் காயவில்லை, அதனால் பெயின்ட் அடிக்கவில்லை.