இடுப்புவலிக்கு பிசியோ தொடங்குமுன், வலியைப் பற்றி விளக்கி உங்களிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா?

தேரடி:
எல்4-எல்5, கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுக்கம். இங்கே இருப்பவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. முதலில் பார்த்த டாக்டர், மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்து இரண்டு எலும்புக்கு நடுவே பெருவிரலால் அழுத்தினார். சிவப்பு ரப்பர் பிதுங்கி வெளியே வந்தது. "உங்க ஜவ்வு இப்படித்தான் இருக்கு. குனிஞ்சா இன்னும் வெளியே வரும்." அவ்வளவுதான் பேச்சு. எட்டு மாதம் அந்த ரப்பர் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இரண்டு வயசுப் பையனை யாராவது தூக்கிவந்து மடியில் வைக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குளிக்கவே பயம்.

அப்புறம் ஒரு பிசியோவிடம் போனேன். படுக்கச் சொல்லி மெஷின் வைப்பார் என்று நினைத்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "உள்ளே என்ன ஆகியிருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க?" ரப்பர் கதையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "ஜவ்வு சோப்பு மாதிரி வழுக்கிட்டுப் போற பொருள் இல்லைம்மா. மேலேயும் கீழேயும் எலும்போட இறுகப் பிடிச்சிருக்கு. பிதுங்கினது நாளாக ஆக தானே சுருங்குறதும் உண்டு" என்றார். பிறகு என் கைப்பையைத் தரையில் வைத்து எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மறுபடி, மெதுவாக. மூன்றாவது தடவைதான், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. வலி அன்றைக்கும் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பையனைத் தூக்கினேன். மொத்தம் இருபது நிமிஷப் பேச்சு. எட்டு மாதம் முன்பே ஏன் ஒருவரும் பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வைகைக்கரை:
உங்களுக்கு நல்ல ஆள் கிடைத்தார். எங்கப்பாவுக்கு நடந்ததைக் கேளுங்கள். 67 வயசு, முப்பது வருஷம் லாரி ஓட்டிய உடம்பு. "வலியை உருவாக்குறது உங்க மூளைதான் ஐயா" என்று ஒரு படம் காட்டி விளக்கினார்கள். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். திரும்பும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை இல்லை. பாலம் இறங்குகையில், "நான் நடிக்கிறேன்னு அந்தப் பொண்ணு சொல்லுது, நீயும் கேட்டுக்கிட்டு நிக்கிற" என்றார். பிறகு பிசியோ பக்கம் அவர் வரவேயில்லை. விளக்கம் விளக்கம் என்கிறீர்களே, சொன்னது ஒன்று, காதில் விழுந்தது ஒன்று. முதலில் வலிக்கிற இடத்தைத் தொட்டுப் பார்க்கட்டும், பாடம் அப்புறம் நடத்தட்டும்.

மாவுக்கல்:
எனக்குக் கிடைத்தது ஒரு ஜெராக்ஸ் தாள். குனிவது, சம்மணம் போடுவது, கனம் தூக்குவது, எல்லாப் படத்தின் மேலும் பெருக்கல் குறி. வாரம் இரண்டு தடவை கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுகிறவள் நான், அதை எப்படித் தூக்குவது என்று கேட்டேன். "வீட்டுல வேற யாரையாவது தூக்கச் சொல்லுங்க." வேறு யார் இருக்கிறார்கள்? தாள் இன்னும் ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது.

பிசியோ, 11 வருடம்:
என் கதை சின்னது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 38 வயதுக்காரர் ஒருவரிடம், "எழுபது வயசு முதுகெலும்பு மாதிரி தேய்ஞ்சிருக்கு" என்றேன். ரிப்போர்ட்டை மடித்துக் கவரில் போடும்போது அவருக்கு விரல் நடுங்கியது. அப்படி நான் சொல்லியிருக்கவே கூடாது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசி 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், 20 வயதினரில் 37 சதவீதம், 50 வயதினரில் 80 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. ரிப்போர்ட்டில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

வைகைக்கரை, நீங்கள் சொல்வதில் பாதி சரி. 2019இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், புதிதாக வலி வந்த 202 பேரில் ஒரு பாதிப் பேருக்கு இரண்டு மணி நேரம் விளக்கம் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு விளக்கம் இல்லை, அவர்கள் சொல்வதை அதே அளவு நேரம் காதுகொடுத்துக் கேட்டார்கள், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து இரு தரப்பின் வலியிலும் வித்தியாசம் இல்லை. அதனால் பேச்சு மட்டும் போதாது, பயிற்சியும் கூடவே போக வேண்டும். ஆனால் "தொட்டுப் பார், பாடம் அப்புறம்" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பயத்தோடு படுத்திருக்கும் முதுகு இறுகித்தான் இருக்கும். அப்பாவிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியது, "உங்க வலி நிஜம்" என்பதை. மூளைப் பேச்சு அதற்கப்புறம்தான்.

பெல்ட் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நாள்பட்ட இடுப்புவலிக்கு பெல்ட்டும் ட்ராக்ஷனும் (முதுகை இழுத்துவிடும் சிகிச்சை) வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. விளக்கக் கல்வியும் உடற்பயிற்சியும் அதன் பரிந்துரைகளில் உண்டு. ஆனால் உட்காரும் இடம் மரத்துப்போனால், சிறுநீர் போக முடியாமலோ அடக்க முடியாமலோ ஆனால், இரண்டு காலும் பலவீனமானால், இதில் எது ஒன்று நடந்தாலும் பிசியோவுக்கு வராதீர்கள், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மாவுக்கல் அம்மா, கல்லை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். முதலில் பாதி எடையுள்ள ஏதாவது ஒன்றில் பழகுங்கள்.

மாவுக்கல்:
பாதி எடைக்கு ஐந்து லிட்டர் எண்ணெய் டின் சரியாக இருக்கும். இன்றைக்கு அதைத் தூக்கிப் பார்த்தேன்.

வைகைக்கரை:
அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மரத்துப்போவதெல்லாம் இல்லையாம். "வலி நெசம்னு இவரு சொல்றாரா?" என்று இரண்டு தடவை கேட்டார்.