பழைய நகரப்பகுதிகளைக் காப்பது யாருக்காக?

மூன்றாம்மாடி:
நான் குடியிருக்கும் கட்டடம் பாதுகாக்கப்பட்ட பழைய நகரப்பகுதிக்குள் வருகிறது. அப்பாவுக்கு 82 வயது. இறங்க 61 படிகள். எல்லாம் நடுவில் தேய்ந்து குழிந்த கல்படிகள். இடது கையால் சுவரைத் தடவியபடிதான் இறங்குகிறார். அவர் விரல் பட்டுப் பட்டுச் சுவரில் ஒரு கறுப்புக் கோடே விழுந்துவிட்டது. பின்முற்றத்தில் லிஃப்ட் வைக்க விண்ணப்பித்தோம். பழமைத் தோற்றம் கெடும் என்று மறுத்துவிட்டார்கள். அந்த முற்றம் தெருவிலிருந்து தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால் இந்த விதிகளை முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

சுண்ணாம்புக்கை:
உங்கள் கோபம் நியாயமானது. அந்த முடிவு தவறு. ஆனால் விதிகளையே எடுக்கச் சொல்வதை ஏற்க மாட்டேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். பழைய தெருவில் வீடுகளைத் தனித்தனியாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. மனைகளின் அகலம், கூரைகளின் உயரம், தெரு வளையும் இடம், நடுவே விட்ட திறந்தவெளி எல்லாம் சேர்ந்ததுதான் அந்த இடம். இடையில் ஒரே ஒரு பத்து மாடிக் கட்டடம் எழுந்தால் தெருவே போய்விடும். நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள். பாதுகாப்புச் சட்டம் 1965-இல்தான் வந்தது. போன நிலையம் போனதுதான்.

கட்டுப்பாடு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர்மேல் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்துப் பூச்சைத் தட்டினால் உள்ளீடற்ற ஓசை கேட்கும். பெயர்த்தால் செங்கல் விரலோடு மாவாக உதிரும். நல்லது செய்வதாக நினைத்துத்தான் பூசியிருப்பார்கள்!

கணக்குநோக்கர்:
சுவர் பிழைக்கிறது, ஆட்கள் எங்கே? வெனிஸின் பழைய நகரில் 1951-இல் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். 2022-இல் 50,000-க்கும் கீழே. சீனாவின் லிஜியாங் 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் அங்கே காலங்காலமாக வாழ்ந்த நாஷி இனக் குடும்பங்கள் பலவும் வீடுகளைக் கடைக்கும் விடுதிக்கும் விட்டுவிட்டு வெளியேறின. ஓடுகள் மாறவில்லை, அடியில் இருந்தவர்கள் மாறிவிட்டார்கள். கட்டவும் தடை, உயர்த்தவும் தடை என்றால் இருக்கும் வீடுகளுக்கு வாடகை ஏறத்தானே செய்யும்?

சுண்ணாம்புக்கை:
விதியை நீக்கிப் பாருங்கள், முதலில் வந்து நிற்பவர் விடுதி முதலாளிதான். வெனிஸில் 1966 வெள்ளமும் ஒரு காரணம். தீவுகளை விட்டு எதிரே உள்ள பெருநிலப்பகுதிக்குப் போன வேலைவாய்ப்பும் காரணம். எல்லாவற்றையும் பாதுகாப்பின் தலையில் கட்டாதீர்கள்.

கணக்குநோக்கர்:
சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜன்னல் சட்டத்துக்கு இத்தனை விதி எழுதியவர்கள் வாடகைக்கு ஏன் ஒன்றும் எழுதவில்லை?

நகரவரைவு:
எழுதிய ஊர் உண்டு. இத்தாலியின் போலோனியா. பழைய மையத்தைச் சீரமைக்கும் 1973 திட்டத்தில் பொதுக் குடியிருப்புக்கான பணத்தையே நகராட்சி பயன்படுத்தியது. வீடுகளைக் கையகப்படுத்தும் முதல் யோசனைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதனால் உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள்: பழுதுபார்க்க உதவித்தொகை தருகிறோம், வாடகையைக் கட்டுக்குள் வையுங்கள், குடியிருப்பவரை வெளியேற்றாதீர்கள். எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லைதான். ஆனாலும் அங்கே குடியிருப்பவரையும் சேர்த்தே காக்க முயன்றார்கள்.

மூன்றாம்மாடி அவர்களே, உங்களுக்கு ஒன்று: பழஞ்சின்னங்களைக் காக்கும் சர்வதேச அமைப்பான இகோமோஸின் 1987 வாஷிங்டன் சாசனம், வரலாற்று நகரங்களின் பாதுகாப்பு முதன்மையாக அங்கே வாழ்பவர்களின் விஷயம் என்கிறது. வீட்டு வசதியை மேம்படுத்துவதையும் அடிப்படை நோக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது. மேல்முறையீட்டில் அதை இணையுங்கள்.

மூன்றாம்மாடி:
இது எனக்குத் தெரியாது. மறுபடியும் விண்ணப்பிக்கிறேன். விதிகள் நல்லவை என்று நான் இன்னும் நம்பவில்லை.

சுண்ணாம்புக்கை:
நம்ப வேண்டாம், விண்ணப்பியுங்கள். வரைபடத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கட்டும். லிஃப்ட் தன் சொந்த எஃகுச் சட்டத்தில் தனியாக நிற்க வேண்டும், பழைய சுவரில் துளையிட்டு மாட்டக்கூடாது. நாளை கழற்றினாலும் சுவர் அப்படியே இருக்கும் என்று காட்டினால் மறுப்பது கடினம். குழி தோண்டுமுன் ஒரு சிறு சோதனைப் பள்ளம் எடுத்துச் சுவரின் அடித்தளம் எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். பழைய சுவர்களுக்குப் பல இடங்களில் ஆழமே இருக்காது. வரைபடத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.