செப்புத்தகட்டுப் பாம்பும் வலைக்கடியனும்

மண்டபத்திலிருந்து:
பழைய ஊர்வன ஓவியங்களை நிஜத்தோடு ஒத்துப் பார்த்தவர்கள் எழுதச் சொன்னீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல், விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு சோழமண்டலக் கரைப் பாம்புகளைச் சேகரித்தார். 1796இல் லண்டனில், செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த படங்களோடு புத்தகமாகப் போட்டார். அதன் தொடர்ச்சியாக வந்த புத்தகத்தில் வருகிறது வலைக்கடியன் என்ற கடல் பாம்பு. ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

போன மாசம் ஒரு நாட்டுப்படகு கரையேறி வலை உதறும்போது அதே பாம்பு விழுந்தது. "கிட்ட போகாதே தம்பி" என்று கம்பால் தள்ளிவிட்டார் படகுக்கார அண்ணன். எட்ட நின்றே பார்த்தேன். மேலே சாம்பல், அடியில் அழுக்கு வெள்ளை. மேலுதடு கீழ்த்தாடையைத் தாண்டி அலகு மாதிரி வளைந்து இறங்குகிறது. வால் பக்கவாட்டில் தட்டை. மணலில் அதால் ஊரவே முடியவில்லை, புரண்டு புரண்டு விழுந்தது. தரைப்பாம்புக்கு வயிற்றில் அகலச் செதில்கள் உண்டு, மண்ணைப் பற்றி நகர அவைதான் உதவும். இதற்கு அவை சுருங்கிப்போய்விட்டன.

ரஸ்ஸல் படங்களிலோ பாம்புகள் தாள் முழுக்க அழகாக நெளிந்து கிடக்கும். நீளமான உடம்பைப் பக்கத்துக்குள் அடக்க வேண்டுமே! நெளிவை நம்பாதீர்கள். தலையையும் செதிலையும் நம்பலாம். வயிற்றுச் செதில், வால் செதில் என்று எண்ணி எண்ணி எழுதிவைத்த மனுஷன் அவர். 1803இல் தோதேன் என்ற பிரெஞ்சுக்காரர் வலைக்கடியனுக்கு அறிவியல் பெயர் வைத்தார்.

அண்ணனிடம் போனில் படத்தைக் காட்டினேன். "மூஞ்சி சரி. ஆனா செத்த பாம்பைப் பார்த்துப் போட்டிருக்கான்" என்றார்.

தொண்டியிலிருந்து:
அண்ணன் சொன்னது சரிதான். கெடாமலிருக்கச் சாராயத்தில் போட்டுவைத்த பாம்பு நிறம் வெளுத்துவிடும். அந்தக் காலத்தில் அச்சடித்த பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால்தான் வண்ணம் பூசினார்கள், அதனால் பிரதிக்குப் பிரதி சாயல் மாறும். நிறத்தை வைத்து எந்தப் பாம்பு என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று. நம் ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலுக்கும் செய்தது. கடல் பாம்புக்கு அது சரிவராது. கடித்த இடத்தில் வலியே தெரியாமல், அப்புறம் உடம்பெல்லாம் வலித்து, சிறுநீர் கறுத்துப் போகலாம். வலிக்கவில்லையே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கீழக்கரையிலிருந்து:
எனக்குப் பாம்பு வேண்டாம், ஆமை போதும். எங்கள் ஊருக்கு வெளியே சீமைக்கருவேல் புதருக்குள் ஒரு நட்சத்திர ஆமையைப் பார்த்தேன். ஷோப்ஃப் என்ற ஜெர்மானியர் 1795இல் பெயரிட்ட அதே இனம். அவருடைய புத்தகத்திலும் செப்புத்தகட்டுப் படங்கள்தான். ஓட்டில் ஒவ்வொரு மேட்டின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விரிகின்றன. புல்லுக்குள் அதுவே மறைப்பு, பக்கத்தில் போகும்வரை எனக்குத் தெரியவே இல்லை. வெள்ளைத் தாளில் பார்த்தால் இது எப்படிப் புரியும்? பையன் வீட்டுக்குத் தூக்கிப்போகலாம் என்றான். வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று சொல்லி விட்டுவிட்டு வந்தோம். படம் மட்டும் எடுத்திருக்கிறேன், நாளைக்குப் போடுகிறேன்.