மறு: பருப்பும் எண்ணெய்வித்தும் சேர்ந்த வயலுக்கு ‘ஊடுபயிர்’ பொருந்துமா?

> ‘ஊடுபயிர்’ என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா,

இரு பயிர்களைச் சேர்த்து வளர்த்து ஒரே தடவையில் அறுவடை செய்யும் முறைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம்; ‘ஊடுபயிர்’ போதாதா என்று கேட்கிறீர்கள். நம் ஊர் வயலுக்கு அது போதும். மானாவாரி நிலக்கடலையில் 6 வரிசைக்கு 1 வரிசை துவரை விதைக்கிறோம். கடலையைப் பிடுங்கிய பிறகும் துவரை நின்று, தனியே அறுவடைக்கு வருகிறது. முதன்மைப் பயிர் எது, ஊடே வந்தது எது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்துக் கொண்டைக்கடலை–ஆளி (flax என்னும் எண்ணெய்வித்துப் பயிர்) வயலில் அந்தக் கணக்கு செல்லாது. இரண்டையும் ஒரே பருவத்தில் விதைத்து, ஒரே தடவை அறுவடை இயந்திரத்தை ஓட்டி, கலந்து வரும் மணிகளைச் சலித்துப் பிரிக்கிறார்கள். கொண்டைக்கடலையோ ஈரம் உள்ளவரை பூத்துக்கொண்டே இருக்கும். அங்கே கோடை குறுகியது, உறைபனி காத்திருக்காது. ஆளி மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் கொண்டைக்கடலை வேறு வழியின்றி முற்றுகிறது. பட்டாணியைக் கனோலா என்னும் கடுகினத்து எண்ணெய்வித்துப் பயிருடன் விதைத்தால், தரையில் சாய வேண்டிய கொடி கனோலாத் தண்டைப் பற்றி நிமிர்கிறது. இயந்திரத்தின் கத்திக்கு எட்டுகிறது. இதில் எதை ஊடு என்பது?

‘கலப்புப்பயிர்’ அருகில் வருகிறது. ஆனால் அது வரிசையின்றிக் கலந்து விதைப்பதைக் குறித்துப் பழகிவிட்டது. அங்கே மாற்று வரிசைகளில் விதைப்பவர்களும் உண்டு. அறுவடை மட்டும் ஒன்றுதான். ஆகவே வரிசையை விட்டுவிட்டு அறுவடையைப் பிடித்து வரையறுக்க வேண்டும் என்பது என் கட்சி. ‘கூட்டுப்பயிர்’ என்றால் கூட்டுறவுப் பண்ணைதான் நினைவுக்கு வரும். ‘இணையறுவை’யை முன்மொழிந்த அன்பர் பொறுத்தருள்க, ‘அறுவை’யை நம் மக்கள் வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

என் பரிந்துரை ‘உடன்பயிர்’. ஒரே வயலில் சேர்ந்து வளர்ந்து, ஒரே ஓட்டத்தில் அறுவடையாகி, பிறகு பிரிக்கப்படுபவை என்று வரையறை எழுதிக்கொள்ளலாம். ‘உடனே’ என்ற மயக்கம் வருமோ என்று அஞ்ச வேண்டாம். உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று சொல்லும்போது யாரும் அவசரத்தை நினைப்பதில்லை. வினையாக்கினால் ‘உடன்பயிரிடுதல்’, நாக்கில் இடறவில்லை.

பட்டாணி–கனோலா இணைக்கு அங்கே இரு பெயர்களையும் ஒட்டி ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து இங்கே ‘பட்டோலா’ என்று ஒரு யோசனை வந்தது. அது குஜராத்துப் பட்டுச்சேலை. மூலப்பெயரையே ‘பீயோலா’ என்று ஒலிபெயர்க்கலாம் என்போர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். ‘பட்டாணி–கனோலா உடன்பயிர்’ என்று நீட்டியே எழுதுவோம்.